எரிவதற்கு முன்னால் ஒரு வரி

வாசகர் கேள்வி, 2025 பிப்ரவரி 16

அக்கா, நீங்கள் அமெரிக்காவில் யூட்டாவில் இருப்பதால் கேட்கிறேன். வேதம் உண்மையா என்று தெரிய ஜெபம் செய், நெஞ்சு எரிந்தால் உண்மை என்று அங்கே அதிகமாக இருக்கும் மார்மன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் சொல்கிறார்களாமே. இன்ஜினியர், டாக்டர், பேராசிரியர் என்று இத்தனை படித்தவர்கள் இருக்கும் சபையில் இது எப்படி எடுபடுகிறது? பகுத்தறிவைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்களா?

பிப்ரவரி 16, இரவு

இல்லை தம்பி, கழற்றிவிட்டுப் போவதில்லை. ஆனால் உங்கள் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. அதனால் ஒரே மூச்சில் பதில் சொல்லாமல் தோன்றத் தோன்ற இந்தப் பதிவு இழையில் எழுதுகிறேன்.

இந்த வருடம் அவர்களுடைய ஞாயிறு வகுப்பில் 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' படிக்கிறார்கள். பெரும்பாலும் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்குக் கடவுள் சொன்னதாக அவர்கள் நம்பும் வாக்குகளின் தொகுப்பு அது. நீங்கள் கேட்ட நெஞ்சு எரிகிற விஷயம் அதன் 9-ம் பிரிவில் வருகிறது. இன்று காலை வகுப்பில் அதுதான் பாடம். நான் சபை உறுப்பினர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்களோடு போய் உட்காருகிறவள்.

1829 ஏப்ரல், பென்சில்வேனியாவில் ஹார்மனி என்ற இடம். ஜோசப்புக்கு 23 வயது. தங்கத் தகடுகளிலிருந்து மொழிபெயர்ப்பதாக அவர் சொல்லச் சொல்ல, ஆலிவர் கௌடரி என்ற பள்ளி ஆசிரியர் சபையின் இன்னொரு வேதமான மார்மன் புத்தகத்தை எழுதிக்கொண்டிருக்கிறார். ஆலிவருக்கு, தானும் மொழிபெயர்த்துப் பார்க்கலாமே என்று ஆசை. முயன்றார், வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு வந்த பதில்தான் 9-ம் பிரிவு. அதன் சாரம் இது: கேட்டால் போதும், கொடுத்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டாய், கேட்டதைத் தவிர நீ எதையும் யோசிக்கவில்லை. முதலில் மனதுக்குள் ஆராய்ந்து பார்க்க வேண்டும், அப்புறம் அது சரியா என்று என்னிடம் கேட்க வேண்டும். சரியென்றால் உன் நெஞ்சு எரியும்படி செய்வேன். தப்பென்றால் புத்தி மந்தமாகி, அந்த எண்ணம் மறந்துபோகும்.

வகுப்பு எடுத்த பெண், "யாருக்கெல்லாம் அப்படி எரிந்திருக்கிறது?" என்று கேட்டார். ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. ஒவ்வொருவராகச் சொன்னார்கள், ஒருவர் அழுதார். கடைசியாக எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வு பெற்ற மண்ணியல்காரர், வயது 78, கையைத் தூக்கி, "எரிவதற்கு முன்னால் ஒரு வரி இருக்கிறதே, அதையும் ஒரு தடவை வாசிக்கலாமா?" என்றார்.

வாசித்தார்கள், மணியடித்துவிட்டது.

பிப்ரவரி 17

'நெஞ்சு எரிகிறது' என்று எழுதியதைப் பார்த்து ஒருவர் மாத்திரை பெயர் சொல்லியிருக்கிறார். சிரித்துவிட்டேன். ஆனால் இந்தச் சொல் நமக்கும் புதிதில்லை. லூக்கா 24-ல், எம்மாவு போகும் வழியில் உயிர்த்த இயேசுவோடு நடந்த சீடர்கள் இருவர் பிறகு பேசிக்கொள்வது: "வேதவாக்கியங்களை நமக்கு விளங்கக் காட்டினபொழுது, நம்முடைய இருதயம் நமக்குள்ளே கொழுந்துவிட்டு எரியவில்லையா." சிறுவயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட வசனம். நேற்றிரவுதான் 'விளங்கக் காட்டினபொழுது' என்ற சொல்லில் நின்றேன். விளக்கம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் எரிந்திருக்கிறது.

பிப்ரவரி 20

நான் யார், எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. குடும்பம். அப்பா தமிழாசிரியர். 2016 முதல் இங்கே இருக்கிறேன், மென்பொருள் சோதனை வேலை. நான் இருக்கும் ஊரின் பெயர் லீஹை. மார்மன் புத்தகத்தின் தொடக்கத்தில், கி.மு. 600 வாக்கில் எருசலேமை விட்டுக் குடும்பத்தோடு கிளம்பி, கடல் கடந்து அமெரிக்கா வந்து சேரும் பெரியவரின் பெயர் அது. வீடு மாறி வந்த மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அம்மா ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தார். போனில் என் அம்மாவிடம் அவர்கள் காபி, டீ எதுவும் குடிக்க மாட்டார்கள் என்று சொன்னேன். "அப்புறம் எப்படி விடியற்காலையில் வேதம் வாசிக்கிறார்கள்?" என்றார் அம்மா, உண்மையான கவலையோடு.

அப்பாவிடம் கற்ற ஒரு சொல் இந்த இழைக்குத் தேவைப்படும்: பாடபேதம். ஏட்டுக்கு ஏடு ஒரே பாட்டில் ஒரு சொல் மாறி நிற்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவன் தமிழ் படிக்க முடியாது என்பார். ஆனால் பைபிளை எடுத்தால் அப்பா அந்தச் சொல்லை உச்சரிக்கவே மாட்டார். அது எனக்குச் சின்ன வயதிலேயே உறுத்தியது.

மார்மன்களிடம் எனக்குப் பிடித்துப்போன முதல் விஷயம் இதுதான். மார்மன் புத்தகத்தின் முகப்புப் பக்கமே, குறைகள் இருந்தால் அவை மனிதர்களின் தவறுகள் என்கிறது. கோட்பாடும் உடன்படிக்கைகளும் 1-ம் பிரிவில், இந்தக் கட்டளைகள் என் ஊழியர்களுக்கு அவர்களுடைய பலவீனத்தில், அவர்களுடைய மொழியின் போக்கிலேயே கொடுக்கப்பட்டன என்று கடவுளே சொல்வதாக வருகிறது. 1842-ல் ஜோசப் ஸ்மித் எழுதிய விசுவாசப் பிரமாணங்களில் எட்டாவது, பைபிளைச் சரியாக மொழிபெயர்க்கப்பட்ட அளவுக்குத் தேவவசனம் என்று ஏற்கிறது. வேதத்தில் மனிதக் கைரேகை இருக்கும் என்று வேதத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 23

"எழுதி வைத்தால் போதுமா, நடைமுறையில் திருத்தினார்களா?" என்ற கேள்விக்கு: திருத்தினார்கள். ஆலிவர் கௌடரி விஷயத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

9-ம் பிரிவுக்கு முந்தைய 8-ம் பிரிவும் ஆலிவருக்கு வந்ததுதான், அதே மாதம். இன்றைய அச்சில் அவருக்கு, பைபிளில் மோசேயின் அண்ணனான 'ஆரோனின் வரம்' இருப்பதாக எழுதியிருக்கும். 1833-ல் இந்த வாக்குகளை முதன்முதலாகப் புத்தகமாக அச்சடித்தபோது அந்த இடத்தில் 'கோலை வைத்து வேலை செய்யும் வரம்' என்றிருந்தது. அச்சு முழுதாக முடியவில்லை. மிசூரியில் இண்டிபென்டன்ஸ் ஊரில் 1833 ஜூலை 20 அன்று கும்பல் ஒன்று அச்சகத்தை உடைத்துப் போட்டது. இரண்டு சிறுமிகள் தாள்களை அள்ளிக்கொண்டு சோளக்காட்டுக்குள் ஓடி ஒளிந்ததால் கொஞ்சம் மிஞ்சியது. 1835-ல் புதிதாகத் தொகுத்தபோது கோல் போய் ஆரோன் வந்தார்.

கோல் என்றால் என்ன என்று இங்கே பலருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் தாத்தா வயலில் கிணறு தோண்டுமுன் நீரோட்டம் பார்க்க ஒருவர் கவைக்குச்சியோடு வந்தார். குச்சி தானாகத் தாழ்ந்தது என்று ஊரே சொன்னது. அந்தக் காலத்து நியூ இங்கிலாந்துக் கிராமங்களிலும் இப்படிக் குச்சி பார்க்கிறவர்கள் இருந்தார்கள். ஆலிவர் அந்த மண்ணிலிருந்து வந்தவர். கடவுள் அவரிடம் அவருக்குத் தெரிந்த குச்சியின் மொழியிலேயே பேசினார் என்று ஒருவர் வாசிக்கலாம். சங்கடமான சொல்லை எடுத்துவிட்டு வேதத்துச் சொல்லைப் போட்டு மூடினார்கள் என்று இன்னொருவர் வாசிக்கலாம். இரண்டு வாசிப்பும் எனக்குள் மாறி மாறி வருகின்றன. சபையே கையெழுத்துப் பிரதிகளைப் படம்பிடித்து எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருப்பதால்தான் என்னால் இதை ஒப்பிட்டுப் பார்க்கவே முடிந்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

மார்மன் புத்தகத்திலும் அப்படித்தான். 1830 பதிப்பில் மரியாளைக் குறித்து 'தேவனுடைய தாய்' என்றிருந்தது 1837-ல் 'தேவகுமாரனுடைய தாய்' ஆனது. இன்னொன்று, அதே புத்தகத்தின் 2 நேபி என்ற பகுதியில், 30:6-ல் 'வெண்மையும் இனிமையும்' உள்ள ஜனம் என்றிருந்ததை 1981 பதிப்பில் 'தூய்மையும் இனிமையும்' என்று மாற்றினார்கள். காலம் மாறியபிறகு சங்கடப்பட்டு மாற்றியது அது.

பிப்ரவரி 25

மேலே கடைசி வரியில் நான் அவசரப்பட்டுவிட்டேன். பெரியவரிடம் காட்டினேன். உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். 'வெண்மை' என்பதை 'தூய்மை' என்று முதலில் மாற்றியது 1840 பதிப்பு, ஜோசப் ஸ்மித் உயிரோடிருந்தபோது. பின்னால் வந்த பதிப்புகள் வேறு பிரதியைப் பின்பற்றியதால் அந்தத் திருத்தம் காணாமல் போய், 1981-ல்தான் திரும்பி வந்தது. ஆகவே சங்கடத்தில் பிறந்த புதுச்சொல் என்று நான் எழுதியது தப்பு. ஆனால் 2 நேபி 5:21-ல் தோல் கறுத்ததைச் சாபத்தோடு சேர்த்துப் பேசும் வசனம் அப்படியே நிற்கிறது. கறுப்புத் தோலோடு அந்த வகுப்பில் உட்கார்ந்து அதை வாசிப்பது எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். இல்லை, கேளுங்கள். பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 2

இன்று மாதத்தின் முதல் ஞாயிறு, உபவாச ஞாயிறு. அன்று பிரசங்கம் கிடையாது. யார் வேண்டுமானாலும் எழுந்து போய்ச் சாட்சி சொல்லலாம். ஆறு வயதுக் குழந்தை முதல் தாத்தா வரை எல்லோரும் ஒரே வாசகத்தில் தொடங்குகிறார்கள்: "இந்தச் சபை உண்மையானது என்று எனக்குத் தெரியும்." 'நம்புகிறேன்' என்பதில்லை, 'தெரியும்'.

முதல் தடவை கேட்டபோது எனக்கு மூச்சு முட்டியது. பிறகு மார்மன் புத்தகத்தில் ஆல்மா 32-ஐப் படித்தேன். ஏழைகளாக இருந்ததால் ஜெபக்கூடத்திலிருந்து விரட்டப்பட்டவர்களிடம் ஆல்மா பேசுகிறார். வார்த்தையை ஒரு விதையாக நினைத்துக்கொள்ளுங்கள், சோதித்துப் பாருங்கள், நட்டுப் பாருங்கள், உள்ளே அது பருத்து முளைக்கிறதா என்று கவனியுங்கள் என்கிறார். முளைத்தால் விதை நல்லது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியானால் உங்கள் அறிவு பூரணமா என்று அவரே கேட்டு, அந்த ஒரு காரியத்தில் மட்டும் பூரணம், மற்றபடி இல்லை, இன்னும் வளர்க்க வேண்டும் என்கிறார்.

நிதானமான பேச்சு. ஒரு விதை முளைத்ததை வைத்துத் தோட்டம் முழுவதும் நல்லது என்று சொல்ல ஆல்மா இடம் கொடுக்கவில்லை. ஆனால் உபவாச ஞாயிறுகளில் நடப்பது அதுதான். மார்மன் புத்தகத்தை வாசித்து மனம் இளகியது, ஆகவே ஜோசப் தீர்க்கதரிசி, ஆகவே இந்தச் சபை உண்மை, ஆகவே இன்றைய தலைவர் சொல்வதும் சரி. ஒரே எரிதலில் நான்கு அடுப்பு பற்றவைத்துவிடுகிறார்கள்.

மார்ச் 9

நேற்று எழுதக் கை துறுதுறுத்தது, வேலை விடவில்லை. பி. எச். ராபர்ட்ஸ் பற்றி.

1857-ல் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவனாக யூட்டா வந்து, சுரங்கத்திலும் கொல்லுப்பட்டறையிலும் வேலை பார்த்து, சபையின் பெரிய ஊழியர்களில் ஒருவரானவர். மார்மன் புத்தகத்துக்காக வாதாடிப் பெரிய நூல்கள் எழுதியவர். 1921-ல் ஓர் இளைஞன் எழுப்பிய ஐந்து கேள்விகள் சுற்றிச் சுற்றி இவரிடம் வந்து சேர்ந்தன. புத்தகத்தில் குதிரை வருகிறதே, கொலம்பஸுக்கு முந்தைய அமெரிக்காவில் குதிரை ஏது? எஃகு ஏது? பட்டு ஏது? லீஹையின் ஒரு குடும்பத்திலிருந்து இத்தனை அமெரிக்க மொழிகள் அவ்வளவு சீக்கிரம் எப்படிக் கிளைத்தன?

ராபர்ட்ஸ் சமாளித்துப் பதில் எழுதவில்லை. உட்கார்ந்து படித்தார். படிக்கப் படிக்கக் கேள்விகள் கனத்தன. 141 பக்கம் எழுதி, 1922 ஜனவரியில் சபையின் உச்சத் தலைவர்களைக் கூட்டி முன்வைத்தார். உதவி செய்யுங்கள், நம் பிள்ளைகள் இதைக் கேட்கப் போகிறார்கள் என்பதுதான் அவர் வேண்டுகோள். அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, மார்மன் புத்தகம் உண்மை என்று சாட்சி சொன்னார்கள். அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

இந்த இடம் எனக்குத் தொண்டையை அடைக்கிறது. 9-ம் பிரிவில் அவர் கேட்டது எரிதலுக்கு முந்தின வரியை, அவர்கள் கொடுத்தது பிந்தின வரியை.

1933-ல் இறக்கும்வரை அவர் சபையை விடவில்லை, மார்மன் புத்தகத்தை மேடையில் மறுக்கவும் இல்லை. அந்த ஆய்வு 1985-ல்தான் அச்சில் வந்தது. அவர் உள்ளூர நம்பிக்கை இழந்துவிட்டார் என்று ஒரு தரப்பும், பக்கவாதத்துக்காக எதிர்வாதம் எழுதிப் பார்த்தார் என்று இன்னொரு தரப்பும் இன்றும் சண்டை போடுகின்றன. எனக்கு இரண்டிலும் ஆர்வமில்லை. கேள்வியை மறைக்காமலும் சபையை விடாமலும் ஒருவர் பத்து வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறார், அது போதும்.

('பக்கவாதம்' என்று தட்டச்சாகியிருக்கிறது. 'வாதத்துக்காக' என்று வாசியுங்கள். அப்பா பார்த்திருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பார்.)

மார்ச் 11

'மார்மன்' என்று எழுதாதே, 2018-ல் அவர்களுடைய அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் முழுப்பெயரைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டாரே என்று ஒரு நண்பர். சரிதான். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. இழை ஏற்கெனவே அந்தச் சொல்லோடு ஓடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 23

தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம். ஆபிரகாமின் புத்தகம்.

1835-ல் ஓகையோவின் கர்ட்லண்டுக்கு மைக்கேல் சாண்ட்லர் என்பவர் எகிப்திய மம்மிகளையும் பாப்பிரஸ் சுருள்களையும் காட்சிக்குக் கொண்டுவந்தார். சபையார் 2,400 டாலருக்கு வாங்கினார்கள். சுருள்களில் ஒன்று ஆபிரகாமின் எழுத்து என்றார் ஜோசப் ஸ்மித். அதன் மொழிபெயர்ப்பு 1842-ல் சபைப் பத்திரிகையில் வந்தது. 1880-ல் 'விலையேறப்பெற்ற முத்து' என்ற தொகுப்போடு வேதமாக ஏற்கப்பட்டது. சுருள்கள் சிகாகோவில் பெருந்தீயில் எரிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். சில துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருந்தன. 1967 நவம்பரில் அவை சபையிடம் கொடுக்கப்பட்டன. எகிப்து எழுத்து தெரிந்தவர்கள் வாசித்தார்கள். ஈமச் சடங்கு நூல்கள். ஆபிரகாமின் புத்தகத்தோடு இணைத்துப் பேசப்படுவது, ஹோர் என்ற பூசாரியோடு புதைக்க எழுதியது, கிறிஸ்துவுக்கு ஓரிரு நூற்றாண்டு முந்தியது. ஆபிரகாம் அதில் இல்லை.

மற்ற விஷயங்களில் தங்கத் தகடுகள் கையில் இல்லை, ஒப்பிட வழியில்லை. இங்கே மூலமும் இருக்கிறது, மொழிபெயர்ப்பும் இருக்கிறது.

சபை 2014-ல் வெளியிட்ட கட்டுரையே துண்டுகளும் புத்தகமும் பொருந்தவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. பிறகு இரண்டு வழிகளைச் சொல்கிறது. ஒன்று, ஆபிரகாமின் பகுதி தொலைந்துபோன சுருளில் இருந்திருக்கலாம். இன்னொன்று, சுருள் ஒரு தூண்டுகோல்தான், அதைப் பார்த்துத் தியானித்தபோது வெளிப்பாடு வந்திருக்கலாம். முதல் வழி எனக்குத் தப்பிக்கிற வழியாகப் படுகிறது. இரண்டாவது பெரிய வழி, ஆனால் விலை அதிகம். 'மொழிபெயர்ப்பு' என்ற சொல்லையே உருக்கி வார்க்க வேண்டியிருக்கும். ஜோசப் தான் செய்வது இன்னதென்று தானே தவறாக நினைத்திருந்தார் என்று ஏற்க வேண்டியிருக்கும்.

பெரியவரிடம் கேட்டேன், உங்களுக்கு இது உறுத்தவில்லையா என்று. "தினமும்" என்றார். அவ்வளவுதான். வேலிக்கு அந்தப் பக்கம் ரோஜாச் செடிக்குக் கத்தரி போட்டுக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 7

"அப்புறம் என்ன, மோசடி என்று சொல்லி முடிக்க வேண்டியதுதானே" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் நான் பார்க்க வந்தது ஒருவர் உண்மையானவரா என்பதை மட்டும் இல்லை. உறுத்தலோடு ஒரு சமூகம் எப்படி வேதம் வாசிக்கிறது என்பதையும்தான்.

ஹென்றி ஐரிங் என்று ஒரு வேதியியலாளர். வேதிவினைகளின் வேகம் பற்றி 1935-ல் அவர் தந்த கோட்பாடு இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கல்லூரிக்குக் கிளம்பியபோது அவருடைய அப்பா, உண்மையில்லாத எதையும் நம்ப வேண்டும் என்று இந்தச் சபை உன்னைக் கேட்கவில்லை என்று சொல்லி அனுப்பினாராம். மாடு மேய்த்துப் பண்ணை நடத்தியவர் அந்த அப்பா. பரிணாமத்தையும் பூமியின் வயதையும் மறுத்து ஜோசப் ஃபீல்டிங் ஸ்மித் 1954-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் சபையை வழிநடத்தும் பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் குழுவுக்குத் தலைவர். ஐரிங் அவரை நேரில் பார்த்து, பூமி மிகப் பழையது என்று தான் நம்புவதாகச் சொன்னார். இருவரும் ஒத்துப்போகவில்லை, பகைத்துக்கொள்ளவும் இல்லை.

ரிச்சர்ட் போல் என்ற வரலாற்றுப் பேராசிரியர் 1967-ல் சொன்ன உவமை இங்கே பலருடைய வாயில் இருக்கிறது. மார்மன் புத்தகத்தில் இருளில் நடப்பவர்கள் பிடித்துக்கொண்டு போகும் இரும்புக் கம்பி ஒன்று வருகிறது. வனாந்தரத்தில் திசைகாட்டும் லியஹோனா என்ற உருண்டையும் வருகிறது. சபையில் கம்பிக்காரர்களும் உண்டு, திசைகாட்டிக்காரர்களும் உண்டு என்றார் அவர். கம்பிக்காரருக்குப் பதில் கையிலேயே இருக்கிறது. திசைகாட்டிக்காரருக்குப் போகும் திசை மட்டும் தெரியும், பாதை தெரியாது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்காரலாம் என்பது அவர் ஆசை. எல்லாக் காலத்திலும் அது நடக்கவில்லை. 1993 செப்டம்பரில் எழுத்தாளர்களும் அறிஞர்களுமாக ஆறு பேர் சபை ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானார்கள். அதை ஐரிங் கதைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மே 11

இதை எழுதலாமா என்று பல வாரம் யோசித்தேன்.

2019-ல் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. நான் இங்கே, விமான டிக்கெட் இரண்டு நாள் கழித்துத்தான். பக்கத்து வீட்டு அம்மா என்னோடு முழங்கால் போட்டார். யாக்கோபு 1:5-ஐ அவர் ஆங்கிலத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன்: "உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால்." பதினாலு வயது ஜோசப்பை நியூயார்க் மாநிலத்துக் காட்டுக்குள் ஜெபிக்க அனுப்பியதாக அவர்கள் சொல்லும் வசனம். ஜெபித்து முடிக்கையில் எனக்கு ஓர் அமைதி வந்தது. கற்பனை என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. நெஞ்சுக்குள் வெந்நீர் ஒத்தடம் போல இருந்தது. அப்பா பிழைத்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. 'தெரியும்' என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். அதே சொல்.

அப்பா நான் போய்ச் சேருமுன் இறந்துவிட்டார்.

ஒரு வருடம் நான் அந்த அமைதியைப் பொய் என்றேன். அப்புறம் ஒருநாள் அப்பாவின் பழைய நோட்டுகளைப் புரட்டும்போது அவர் கையெழுத்தில் 'மூலம்', அதன் கீழே கோடு போட்டு 'உரை' என்று பக்கம் பக்கமாக இருந்தது. அப்போது புரிந்தது. அமைதி வந்தது உண்மை. 'பிழைப்பார்' என்று அதற்கு உரை எழுதியவள் நான். நெஞ்சில் வருவதும் ஒரு மூலபாடம். அதற்குள்ளேயே அர்த்தம் இருப்பதில்லை. ஏட்டை எவ்வளவு கவனமாக வாசிக்கிறோமோ அவ்வளவு கவனமாக அதையும் வாசிக்க வேண்டும், மற்றவர்களின் உரையோடு ஒப்பிட வேண்டும், தப்பாக வாசித்துவிட்டேன் என்று திரும்பி வரவும் தெரிய வேண்டும்.

9-ம் பிரிவை எனக்கு இப்போது அப்படித்தான் வாசிக்கத் தோன்றுகிறது. பிப்ரவரியில் நான் எழுதியதில் ஒரு பிசகு இருக்கிறது. ஆராய்ச்சி முதலில், எரிதல் பிறகு, அதோடு வேலை முடிந்தது என்பது போல எழுதியிருந்தேன். எரிந்த பிறகும் ஆராய்ச்சி இருக்கிறது. அந்த வாக்கு ஒரு குறிப்பிட்ட மொழிபெயர்ப்பு வேலைக்காக ஆலிவர் ஒருவருக்குச் சொன்னது, எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் விதியாக அதை நீட்டலாமா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். சபையிலேயே அதைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜூன் 1

கறுப்புத் தோலைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்றேன். இன்றைய தேதிக்குத்தான் காத்திருந்தேன். 1978 ஜூன் 1 அன்று சால்ட் லேக் ஆலயத்தில் தலைவர் ஸ்பென்சர் கிம்பலும் அப்போஸ்தலர்களும் கூடி ஜெபித்தபோது, எல்லா இன ஆண்களுக்கும் ஆசாரியத்துவம் கொடுக்கலாம் என்ற வெளிப்பாடு வந்ததாகச் சபை சொல்கிறது. கடிதத்தின் தேதி ஜூன் 8, உலகுக்குத் தெரிந்தது மறுநாள்.

அதுவரை கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம், அதாவது சபைச் சடங்குகளை நடத்தும் அதிகாரம், மறுக்கப்பட்டிருந்தது. ஜோசப் காலத்தில் இந்தத் தடை இல்லை. எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவர் 1836-ல் ஆசாரியத்துவம் பெற்றிருந்தார். 1852-ல் ஜோசப்புக்குப் பின் தலைவரான பிரிகாம் யங் தடையைப் பகிரங்கமாக அறிவித்தார். அன்றிலிருந்து 126 வருடம். ஜேன் மேனிங் ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பெண், படகில் ஏற விடாததால் குடும்பத்தோடு நூற்றுக்கணக்கான மைல் நடந்து, அப்போது சபையார் இருந்த நாவூ ஊருக்கு வந்து, ஜோசப்பின் வீட்டில் வேலை செய்து, 1847-ல் யூட்டா வந்தவர். ஆலயச் சடங்குகளைக் கேட்டுத் தலைவர்களிடம் திரும்பத் திரும்ப விண்ணப்பித்தார். மறுத்தார்கள். 1894-ல் ஜோசப் குடும்பத்தின் நித்திய 'ஊழியக்காரி'யாக அவரை இணைத்தார்கள், அந்தச் சடங்கிலும் அவருக்குப் பதிலாக வேறொரு பெண்ணை நிறுத்தி. 1908-ல் இறந்தார். அந்த அம்மாவின் நெஞ்சில் எரிந்ததை யார் கணக்கில் எடுத்தார்கள்?

1973-ல் லெஸ்டர் புஷ் என்ற மருத்துவர், சபை உறுப்பினர், ஆவணங்களைத் தேடித் தொகுத்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தடை ஜோசப்பிடமிருந்து வந்தது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்று அது காட்டியது. பிரேசிலில் ஆலயம் எழும்பிக்கொண்டிருந்தது, யாருடைய ரத்தத்தில் யார் என்று பிரிக்கவே முடியாத நாட்டில். கிம்பல் மாதக்கணக்கில் தனியாக ஆலயத்துக்குப் போய் ஜெபித்தார், அப்போஸ்தலர்களைப் படித்து எழுதித் தரச் சொன்னார். மனதில் ஆராய்ந்து பார், பிறகு கேள். 9-ம் பிரிவு முழுசாக நடந்த இடம் என்று எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதே வருடம் ஆகஸ்டில் புரூஸ் மெக்காங்கி என்ற அப்போஸ்தலர், தானும் பிரிகாம் யங்கும் மற்றவர்களும் இதைக் குறித்துச் சொன்னதையெல்லாம் மறந்துவிடுங்கள், குறைந்த வெளிச்சத்தில் பேசிவிட்டோம் என்றார். 2013-ல் சபை அந்தப் பழைய விளக்கங்களை எழுத்தில் கைவிட்டது. மன்னிப்பு என்ற சொல் அந்தக் கட்டுரையில் இல்லை. எனக்கு அது குறைதான்.

ஜூன் 3

பெரியவர் இந்த இழையைத் தன் மகளின் போனில் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு வாசித்திருக்கிறார். நேற்று மாலை வந்தார். இதை எழுதலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டுச் சொன்னார்.

1966-ல் அவர் 19 வயதில் மிஷனரியாகத் தெற்கு பிரேசில் போனார். ஞானஸ்நானத்துக்குத் தயாராகும் குடும்பத்தின் வீட்டில் உட்கார்ந்து, போட்டோ ஆல்பம் பார்க்கலாமா என்று பேச்சுவாக்கில் கேட்க வேண்டும். தாத்தா பாட்டி முகத்தில் ஆப்பிரிக்கச் சாயல் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக. ஒரு வீட்டில் அந்தக் குடும்பத்துப் பாட்டி சந்தோஷமாக ஆல்பத்தை மடியில் வைத்து ஒவ்வொரு படமாக விளக்கினாராம். இவருக்கு நெஞ்சில் கல் வைத்தது போல இருந்ததாம். அதற்கப்புறம் அந்தத் தெருவுக்கே போகவில்லை.

"அந்தக் கல்லை எனக்கு விசுவாசக் குறைவு என்று பத்து வருடம் எழுதி வைத்திருந்தேன்," என்றார். "1978-ல் லாரியில் ரேடியோவில் கேட்டபோதுதான், அது பதில் என்று புரிந்தது. எனக்கு அன்றே பதில் வந்திருக்கிறது. தப்பாக வாசித்தேன்."

பிறகு, அன்று கையில் வைத்திருந்த போர்த்துகீசிய மார்மன் புத்தகத்தைக் காட்டினார். அட்டை பிய்ந்துவிட்டது. 2 நேபி 26-ஐத் திறந்தார். கறுப்பர், வெள்ளையர், அடிமை, சுயாதீனர், ஆண், பெண், யாரையும் அவர் தள்ளிவிடுவதில்லை, எல்லாரும் தேவனுக்கு ஒன்றுபோல என்று சொல்லும் 33-ம் வசனம் 1830 முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் மேலும் கீழும் பென்சில் கோடுகள் இருந்தன. 33-ல் இல்லை.

ஜூன் 15

சேரப் போகிறீர்களா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். தெரியவில்லை. அப்பாவின் சபையை விட மனம் வரவில்லை, இந்த வகுப்பை விடவும் மனம் வரவில்லை.

88-ம் பிரிவு வரும் வாரம் பெரியவர் வகுப்பு எடுக்கிறார். ஒரு வசனத்தை அவரவர் மொழியில் வாசிக்க வேண்டுமாம். எனக்கு 118-ம் வசனம் வந்திருக்கிறது, கல்வியைத் தேடச் சொல்வது. நானே தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் படிப்பு முன்னால் வருகிறது, விசுவாசம் 'கூடவும்' என்ற சொல்லோடு பின்னால் ஒட்டிக்கொள்கிறது. தமிழில் 'படிப்பினாலும் விசுவாசத்தினாலும்' என்று சொன்னால் இரண்டுக்கும் ஒரே 'உம்' விழுந்து, இரண்டும் சமமாகிவிடுகின்றன. மூலத்தில் அந்தச் சமம் இருக்கிறதா, நான் கொடுக்கிறேனா? 'படிப்பினால், அதோடு விசுவாசத்தினாலும்' என்றும் எழுதிப் பார்த்தேன். அது நடை தட்டுகிறது. இரண்டையும் தாளில் வைத்திருக்கிறேன். உங்களில் யாராவது ஒன்றைத் தேர்ந்து, ஏன் என்றும் சொல்லுங்கள்.